சோபனா ஒப்புக்கொண்ட திருட்டு

சவுரியம்மாள் கைக்கு எதுவும் தப்பாது என்று அந்த ஷூ கம்பெனிப் பெண்கள் சொல்வார்கள். ஆம்பூரில் மாலை ஐந்தரைக்கு கேட்டில் வரிசை நிற்கும். தோலோ நூலோ இடுப்பில் செருகிக்கொண்டு போகிறார்களா என்று அவள் ஒவ்வொருத்தியையும் தொட்டுப் பார்த்துத்தான் வெளியே விடுவாள். அன்று அவள் கை சோபனாவின் இடுப்பில் நின்றுவிட்டது.

"இன்னா இது, இவ்ளோ தடிமனா?"

அது தோல் இல்லை. பழைய புடவைத் துணிக்குள் பஞ்சு வைத்து, இடுப்பில் நாடாவால் கட்டிக்கொள்ளும்படி சோபனா தானே தைத்த திண்டு. இரண்டாவது பையன் நாலு கிலோ எடையில் பிறந்து மூன்று வருடமாகிறது. அன்றிலிருந்து அவளுக்குச் சிறுநீர் அடங்குவதில்லை. தும்மினால், சிரித்தால், கொஞ்சம் கனமாக எதையாவது தூக்கினால் கசிந்துவிடும். தையல் லைனில் எழுந்து பாத்ரூம் போக டோக்கன் வாங்க வேண்டும். முப்பது பேருக்கு ஒரே டோக்கன். அடிக்கடி கேட்டால் பேச்சு கிளம்பும். நாப்கின் வாங்கலாம்தான், மாதம் முப்பது நாளும் வாங்கினால் மெடிக்கல் கடைக்காரர் என்ன நினைப்பார்? தண்ணீர் குடிப்பதையே விட்டுப் பார்த்தாள். எரிச்சல் வந்ததுதான் மிச்சம். புருஷன் பாண்டியனிடம்கூட மூச்சு விடவில்லை. பிள்ளையைச் சாக்கு வைத்துத் தள்ளியே படுத்துக்கொண்டாள்.

பின்னால் நாற்பது பெண்கள் கழுத்தை எட்டி எட்டிப் பார்த்தார்கள். சவுரியம்மாள் சோதனை போடும் மறைப்புக்குள் வரச் சொன்னாள். உள்ளே போனால் திண்டு வெளியே வரும், வாடையும் வரும். சோபனாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த நேரத்தில் புத்தி எங்கே போய் மேயுமோ தெரியாது.

"தோலுதான்க்கா. எடுத்துட்டேன். பாத்ரூம்ல போய் கழட்டித் தர்றேன்."

உள்ளேதானே போகிறாள் என்று சவுரியம்மாள் விட்டாள். சோபனா போனாள். திண்டை அவிழ்த்துக் குப்பையில் அழுத்தினாள். திரும்பும் வழியில் தன் மேஜையிலிருந்து கறுப்புத் தோல் இரண்டு துண்டை எடுத்து வந்து நீட்டினாள். திருடாதவள் அப்போதுதான் திருடினாள். சவுரியம்மாள் பேரை எழுதிக்கொண்டாள்.

மறுநாள் காலை பாண்டியனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஆபீசர் மேஜையில் மன்னிப்புக் கடிதம் தயாராக இருந்தது. என் மனைவி கம்பெனிப் பொருளைத் திருடியது உண்மை என்று அவன் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அவள் வேலை போகும். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், ஒருத்தருக்கும் வளைந்து கொடுக்காதவன், அங்கே கை கட்டி நின்றான்.

"நாலு வருசமா ஒரு நூல்கூட எடுத்துட்டு வந்ததில்ல சார் அவ. எப்படின்னே புரியல."

அவன் பேனாவை வாங்கியபோது சோபனாவால் தாங்க முடியவில்லை. நான் எடுக்கவில்லை என்று ஆரம்பித்து, திண்டு, கசிவு, மூன்று வருடம், எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டாள். அறையில் ஆபீசர், சூப்பர்வைசர், பாண்டியன், மூன்று ஆண்கள். ஆபீசர் ஃபைலைப் புரட்டினார். சூப்பர்வைசருக்குத் திடீரென்று வெளியே வேலை வந்துவிட்டது. கதவோரம் நின்ற சவுரியம்மாள்தான், "அதை அங்கயே எங்கிட்ட சொல்லிருக்கலாமே" என்று முனகினாள். கடிதத்தைக் கிழித்துப் போட்டார்கள். கம்பெனி நர்ஸ், வேலூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

பாண்டியன் அவளை ஆட்டோவில் வீட்டுக்கு அழைத்துப் போனான். மாதனூர் தாண்டிய பிறகு சாலையைப் பார்த்தபடியே சொன்னான்.

"திருடினேன்னே விட்டிருக்கலாம். அந்த ஆளுங்க முன்னாடி அதைப் போய் சொல்லணுமா?"

சோபனாவுக்கு அப்படியே இறங்கி எங்காவது போய்விடலாம் போலிருந்தது. ஆபீசர் முன்னால் பட்ட வெட்கம் ஒரு நாளில் ஆறியிருக்கும். இது ஆறவில்லை.

வேலூருக்குத் தனியாகவே பஸ் ஏறினாள். டாக்டர் பார்த்துவிட்டுப் பயிற்சி கொடுக்கும் பிரிசில்லாவிடம் அனுப்பினார். சின்னப் பெண். சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் தசை பிரசவத்தில் தளர்ந்துவிட்டது, அதற்கு வேலை கொடுத்தால் தேறும், தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள் என்றாள். சளி பிடித்ததைச் சொல்வது போலச் சொன்னாள். சோபனாவுக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"காத்து வெளிய போகாம அடக்குவீங்கல்ல, அந்த மாதிரி உள்ளுக்கு இழுங்க. மூச்சை அடக்கக் கூடாது. பத்து எண்ணி மெதுவா விடுங்க."

இழுத்தாள். பிரிசில்லா சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் வலது பாதத்தைத் தட்டினாள். இழுக்கும்போதெல்லாம் பாதம் கீழே அழுந்தியது, தொடை கல்லாக இறுகியது. தையல் மிஷின் பெடலை எட்டு மணி நேரம் மிதிக்கிற கால். முயற்சி என்றாலே மிதிக்கத்தான் அதற்குத் தெரியும். முழங்காலை மடக்கிப் படுத்து, காலை மறந்து, உள்ளே இருக்கும் அந்தச் சின்னத் தசையைத் தனியாகக் கண்டுபிடிக்கவே இரண்டு வாரம் ஆனது. அப்புறம் தினம் மூன்று வேளை செய்தாள். கசிவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அவள் தினமும் படுத்து எண்ணுவதையும், கொடியில் காயும் துணி குறைவதையும் பாண்டியன் பார்த்தான்.

ஆறாவது முறை போகக் கிளம்பியபோது, "நான் கொண்டாந்து விடறேன்" என்றான். முகத்தைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவள் திரைக்குப் பின்னால் படுத்து எண்ணிக்கொண்டிருந்தாள். அவன் வெளியே, பெண்கள் மட்டுமே உட்கார்ந்திருந்த பெஞ்சுகளுக்கு நடுவே, அவளுடைய பையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்போது தெரிந்த குரல் ஒன்று கேட்டது. பாண்டியன் தினமும் லோடு ஏற்றும் குடோனின் முதலாளி, நயீம் அகமது.

"இன்னா பாண்டியா, நீ இங்க? யாருக்கு இன்னா?"

 முதுகு வலி என்று சொல்லிவிடுவான், சொல்லட்டும் என்று சோபனா கண்ணை மூடிக்கொண்டாள். வெளியே பாண்டியன் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"என் வீட்ல பாய். புள்ள பொறந்ததுலேர்ந்து சிறுநீர் அடங்காம கஷ்டப்பட்டா. மூணு வருசம். எனக்கே தெரியாம வெச்சிருந்தா பாய். இப்ப பயிற்சி குடுக்கறாங்க. நல்லா கேக்குது."

"எத்தனை ஆச்சு?" என்று திரைக்குள் பிரிசில்லா கேட்டாள்.

"எண்றதையே வுட்டுட்டேன் மேடம்."

"பரவால்ல. மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணுங்க."