கடைசிக் கூறு எங்கள் வீட்டுக்கு

முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கும் உத்தியோகம் எனக்கு எட்டு வயதில் கிடைத்தது. சம்பளம் கிடையாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருவில் என்னைவிட முக்கியமான ஆள் வேறு யாரும் இல்லை என்பது என் அசைக்க முடியாத எண்ணம்.

பம்மலில் எங்கள் காலனி அப்போது புதிது. அம்மா பல்லாவரத்தில் ரயில் பிடித்து ஆபீஸ் போகிறவள். பொழிச்சலூரில் ஆற்றங்கரைப் பக்கம் நிலம் வைத்திருந்த ஓர் அக்காவிடம் கீரை வாங்கப் போனவள், கீரையோடு ஓர் ஏற்பாட்டையும் கொண்டுவந்து சேர்த்தாள். காலனியில் பத்து வீடுகள் ஆடியில் விதைக்கும் முன்பே பணம் கொடுத்துவிட வேண்டும். பிறகு தை முடிய, அந்த ஆற்றங்கரைக் கொல்லையில் என்ன விளைகிறதோ அது வாராவாரம் பத்துப் பங்காக வந்து சேரும். இது வேண்டும், அது வேண்டாம் என்று யாரும் கேட்கக் கூடாது. விளைந்தால் எல்லாருக்கும் உண்டு, விளையாவிட்டால் எல்லாருக்கும் இல்லை.

"காசையும் குடுத்துட்டு, கத்தரிக்காய்கிட்ட பர்மிஷனும் கேக்கணுமா?" என்றார் அப்பா. அம்மா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. வீடு வீடாக ஏறி இறங்கிப் பத்துப் பேரையும் சேர்த்துவிட்டாள்.

அந்த அக்காவுக்கு இது வாழ்வா சாவா என்ற விஷயம். புருஷன் போன பிறகு, நிலத்தை மனை போட்டு விற்றுவிடலாம் என்று கொழுந்தனார்கள் அவளை நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். கடன் வாங்காமல் ஒரு பட்டம் முழுக்கப் பயிர் வைத்துக் காட்டினால் அவள் பங்கை விட்டுவைப்பதாகப் பேச்சு. "பத்து வூடு எம்பின்னாடி நிக்கிற வரிக்கும் ஒருத்தனும் என் கொல்லையில கல்லு நட முடியாது யம்மா," என்று அவள் எங்கள் வாசலில் நின்று சொன்னாள். "பத்து வீடும் நிக்கும்க்கா. அது என் பொறுப்பு," என்றாள் அம்மா. அம்மா ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடிதான்.

மூட்டைகள் மீன்பாடி வண்டியில் வந்து இறங்கும். எங்கள் வாசல் சிமெண்டுத் தரையில் அக்கா பத்துக் கூறு போடுவாள். யாருக்கு எது என்ற சண்டை வராமலிருக்க ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் காய்களுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். இன்னொருவர் ஏதாவது ஒரு குவியலைத் தொட்டு, "இது யாருக்கு?" என்று கேட்க வேண்டும். முதுகு காட்டி நிற்பவர் எந்த வீட்டைச் சொல்கிறாரோ, அது அந்த வீட்டுக்கு. கேட்பது அம்மா, சொல்வது நான். "ஒரு வீடும் விட்டுப்போகக் கூடாது. தெருமுனையிலேர்ந்து வரிசையாச் சொல்லிக்கிட்டே வா. நம்ம வீடு கடைசி," என்று அம்மா சொல்லிக்கொடுத்திருந்தாள். நானும் வாசல் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாராவாரம் அப்படியே சொன்னேன். எல்லார் கண்ணும் காய்மேல் இருந்தது. என் வரிசையை யார் கவனித்தார்கள்?

ஆவணியிலும் புரட்டாசியிலும் வெண்டையும் கொத்தவரையும் வந்து குவிந்தபோது அம்மாவைத் தெருவே கொண்டாடியது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகையில் ஆறே கொல்லைக்குள் வந்துவிட்டது. "இன்னா பண்றது யம்மா, நெலமே சொதசொதன்னு கீது," என்று அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கூறுகள் சிறுத்துப் போயின. ஒரு குவியலில் முழுச் சுரைக்காய் இருந்தால் இன்னொன்றில் பாதி அழுகல் இருக்கும்.

அந்த அழுகல் எங்கிருந்தாலும் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்துவிடும்! புழுக் கத்தரிக்காயா, எங்களுக்கு. முற்றிப்போன வெண்டைக்காயா, அதுவும் எங்களுக்கு. அதை நறுக்க வேண்டுமென்று அப்பா ஒரு நாள் ரம்பம் தேடினார். தெருமுனை வீட்டு பேங்க் சாருக்கோ எந்த வாரமும் ராஜயோகம்தான். ஆனால் அதிகம் முணுமுணுத்தவரும் அவர்தான். "மார்க்கெட்ல பார்த்துப் பொறுக்கி வாங்கறதை விட்டுட்டு எதுக்கு இந்த பேஜாரெல்லாம்?" என்பார். அவர் ஒருவர் கழன்றால் பின்னாலேயே நாலைந்து வீடு கழன்றுவிடும் என்று அம்மா அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. எங்கள் வீட்டுத் துரதிர்ஷ்டம் ஒன்றுதான் என்னைப் பிடுங்கித் தின்றது.

கடைசியில் ஒரு நாள் கண்டுபிடித்தேன். கடைசியில் சொல்வதால் அல்லவா கழிசடை வருகிறது? முதலில் சொல்லிவிட்டால் தீர்ந்தது. இந்தப் பெரியவர்கள் யாருக்கும் தோன்றவில்லையே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா, "இது யாருக்கு?" என்றாள்.

"எங்க வீட்டுக்கு!"

என் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, "இது யாருக்குடி?" என்று இன்னொரு முறை கேட்டாள்.

"எங்க வீட்டுக்குத்தான்!" என்று தெருமுனைக்கே கேட்கும்படி கத்தினேன். பிறகு மற்ற வீடுகளை மளமளவென்று சொல்லி, பேங்க் சார் வீட்டைக் கடைசியில் சொல்லி முடித்துத் திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குப் பளபளவென்று ஒரு முழுச் சுரைக்காய். பேங்க் சார் முன்னால் பாதி அழுகிய காயும், பூச்சி தின்ற கத்தரிக்காய்களும், ஒரு பிடி வெண்டைக் கட்டையும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மா முகத்தில் ஈயாடவில்லை.

"குழந்தை மாத்திச் சொல்லிட்டா சார். நீங்க எங்களோடதை எடுத்துக்குங்க," என்றாள்.

"எதுக்குங்க? கூறுன்னா கூறுதான். நான் என்ன பிச்சையா கேட்டேன்?" என்றார் அவர். "இதோட என்னை விட்டுடுங்க. மிச்சப் பணம் வந்தாப் போதும்." குவியலை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பணமெல்லாம் விதையாகவும் எருவாகவும் மண்ணுக்குள் போய்விட்ட அக்கா, முந்தானையைப் பந்தாகச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள்.

என் வரிசை அம்மாவுக்கு மனப்பாடம். எந்தக் குவியலை எப்போது தொட்டால் அது எந்த வீட்டுக்குப் போகும் என்று அவளுக்குத் தெரியும். முறைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு நல்லதைத் தொட்டு, மிஞ்சிய அழுகலை எங்களுக்குத் தொட்டு, பத்து வீட்டையும் மழையிலிருந்து தையை நோக்கி இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். இது எனக்கு விளங்கும்போது எனக்கே கல்யாணமாகிவிட்டது.

அன்றைக்கு அம்மா என்னைத் திட்டவில்லை, அடிக்கவுமில்லை. பேங்க் சார் விட்டுப்போன குவியலை ஒரு பையில் அள்ளினாள். "வாடி," என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பேங்க் சாருக்குப் பதில் வேறொரு வீடு தேடி அடுத்த தெருவுக்குக் கிளம்பினாள்.

"அந்தப் பை வேணாம்மா! நம்ம சுரைக்காயைக் காட்டலாம்மா!" என்று கெஞ்சினேன்.

"நல்லதைக் காட்டித்தான் இவ்ளோ நாள் ஓட்டினேன். போதும்."

சேற்றில் செருப்பு வழுக்க வழுக்கப் போனோம். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். இன்னொரு வீட்டில், "இதுக்குக் காசு வேறயா!" என்று சிரித்தார்கள். எனக்கு மானமே போயிற்று. அம்மா அடுத்த கேட்டைத் தட்டினாள். அதற்கும் அடுத்ததைத் தட்டினாள். கடைசியாக ஒரு வீட்டில், மாவாட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் கையைக்கூடக் கழுவாமல் வந்து பையை எட்டிப் பார்த்தார்.

"இதுல பாதியை வெட்டிப் போடணுமே?"

"ஆமாங்க. மழைக்கு இப்படித்தான். தையில மொச்சையும் பரங்கியும் தூக்க முடியாம வரும். ரெண்டுக்கும் சேர்ந்து நிக்கறதுன்னா சேருங்க."

"உங்க வீட்டுக்கும் இப்படித்தான் வருதா?"

"எங்களுக்கு இதைவிட மோசமா வரும்," என்று அம்மா சிரித்தாள்.

வீட்டுத் தரித்திரத்தை முன்பின் தெரியாதவரிடமா சொல்வது! நான் அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன். அந்த அம்மாளும் சிரித்துவிட்டார். "சரி, வெட்டின பாதி போக மிச்சப் பாதி இருக்கில்ல? எங்களையும் சேத்துக்குங்க," என்றார்.

ஆக, அவர்கள் பணம் பேங்க் சாருக்குப் போக, பத்து வீடு பத்து வீடாகவே நின்றது. திரும்பி வரும் வழியில் அம்மா களைத்துப்போயிருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"கவலைப்படாதேம்மா. இனிமே எப்பவும் நம்ம வீட்டைத்தான் முதல்ல சொல்லுவேன்," என்றேன்.

நடுத்தெருவில் நின்று என்னைப் பார்த்தாள். "வேணாண்டி. நம்ம வீட்டைக் கடைசியிலேயே சொல்லு."

இவ்வளவு படித்து, ரயிலேறி ஆபீசுக்கெல்லாம் போகிறவளுக்கு இந்தச் சின்ன விஷயம் தெரியவில்லையே என்று, வீடு வந்து சேரும்வரை நான் அவளுக்காக வருத்தப்பட்டேன்.