நாலு மணிக்குப் பால் வெட்டியவன்

நான் வேலைக்கு இருந்து பார்த்துக்கொள்கிற இத்தாலிய அம்மாவுக்கு, என் சிஞ்ஞோராவுக்கு, எண்பத்து மூன்று வயது. வெள்ளிக்கிழமை மாலையானால் முழங்காலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மாத்திரைப் பெட்டியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு, டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். வாரத்துக்கு ஒரு துண்டாகக் காட்டுகிற கொலைக் கதை. அடுத்த ஃபிளாட்டில் ஒரு கிழவரும் இதே கதையைத்தான் தனியாகப் பார்க்கிறார். சுவர் வழியாக அதே இசை இரண்டு முறை கேட்கும். இருவரும் சேர்ந்து பார்த்தால் என்ன என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். பல் துலக்கும் பிரஷை இருவருக்கும் பொதுவாக வாங்கலாமே என்று சொன்னதைப்போல் என்னைப் பார்த்தார். வந்த புதிதில் இன்னொரு தப்பும் செய்தேன். கதை பாதியில் இருக்கும்போதே, "அந்தத் தோட்டக்காரன்தான்" என்று வாய்விட்டுச் சொன்னேன். சிஞ்ஞோரா சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு மறுநாள் மத்தியானம்வரை என்னுடன் பேசவில்லை. இந்த வெரோனா நகரத்தில் கொலை செய்வதைவிடக் கொலைகாரனின் பெயரைச் சொல்வது பெரிய குற்றம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

எனக்கு இத்தாலியன் சொல்லித்தந்ததும் அந்தக் கதைதான். அதனால் கத்தி, விஷம், சந்தேகம், சாட்சி எல்லாம் முதல் மாதத்திலேயே வந்துவிட்டன. வெங்காயம் ஆறாவது மாதத்தில்தான் வந்தது. ஒருநாள் சிஞ்ஞோரா அசந்து தூங்கிக்கொண்டே இருந்தார். பயந்துபோய் மருந்துக் கடைக்கு ஓடினேன். நோயாளிக்கு என்ன சொல் என்று தெரியாது. தெரிந்ததை வைத்து, "வீத்திமாவைக் கடைசியாக உயிரோடு பார்த்தது இரண்டு மணிக்கு. வீட்டில் வேறு யாரும் இல்லை. நான் மட்டும்தான்" என்றேன். வீத்திமா என்றால் கொலையுண்டவர். கடைக்காரப் பெண் என்னிடமிருந்து கண்ணை எடுக்காமலே தொலைபேசியைத் தேடினாள். பிறகு விஷயம் தெரிந்து சிஞ்ஞோரா மூன்று நாள் சிரித்தார். வருகிறவர்களிடமெல்லாம், "நான்தான் வீத்திமா" என்று அறிமுகம் செய்துகொண்டார்.

கதை பார்க்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாததற்குக் காரணம் உண்டு. இலங்கையில் கேகாலை மாவட்டத்தில், வரக்காப்பொலையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் உள்ளே போனால் எங்கள் றப்பர் தோட்டம் வரும். எங்கள் தோட்டம் என்றால் துரையின் தோட்டம். நாங்கள் அதற்குள் இருந்தோம், அவ்வளவுதான். பன்னிரண்டு வீடு வரிசையாக ஒட்டி நிற்கிற லயத்துக்கு ஒரே டிவி. அது ஸ்டோரில் றப்பர் ஷீட் அடிக்கிற ராசு மாமாவுடையது. கறுப்பு வெள்ளைப் பெட்டி. லயத்துக்குக் கரண்ட் வராத காலம், அதனால் கார் பெட்டரியில் ஓடும். பெட்டரி இறங்கிவிட்டால் சாக்கில் கட்டி, பஸ்ஸில் ஏற்றி, வரக்காப்பொலைக்குக் கொண்டுபோய் சார்ஜ் போட்டு வரவேண்டும். பஸ்ஸில் அதற்கு ஒரு சீட் கொடுத்து, நாங்கள் நின்றுகொண்டு வருவோம்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சனிக்கிழமை மாலைகளில் ஒரு சிங்கள மர்ம நாடகம் போனது. பதின்மூன்று வாரம். றப்பர் தோட்டத்துப் பங்களாவில் துரை குத்துப்பட்டுச் செத்துக் கிடக்கிறார். பக்கத்தில் றப்பர் மரத்தில் பால் வெட்டுகிற கத்தி. சந்தேகம் இரண்டு பேர்மேல். ஒருவர் துரையின் மைத்துனர், கொழும்பு வக்கீல். இன்னொருவன் பியசேன என்ற பால் வெட்டுத் தொழிலாளி. எங்களுக்கெல்லாம் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, ஆகவே ஒரு சொல் தப்பாது. நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், அம்மாமார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தேன். அங்கே வருகை எழுதுகிற கொப்பி ஒன்று மிஞ்சியிருந்தது. துப்புகளை அதில் எழுதினேன். யார், எங்கே, எத்தனை மணிக்கு, கையில் என்ன என்று நான்கு கட்டம். கடைசிப் பக்கத்தில் பங்களாவின் வரைபடம்கூட இருந்தது.

மூன்றாவது வாரம் பியசேன இன்ஸ்பெக்டரிடம், "சாயங்காலம் நாலு மணிக்குப் பால் வெட்டிக்கொண்டிருந்தேன் சேர், அப்போது வக்கீல் மாத்தையாவின் காரைப் பார்த்தேன்" என்றான். லயமே எழுந்து நின்றுவிட்டது. விடியற்காலையில் வெட்டினால்தான் பால் ஒழுகும். வெயில் ஏறிவிட்டால் மரம் சுருங்கிவிடும். மத்தியானத்துக்குள் பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

"சாயங்காலம் நாலு மணிக்கு எவன்டா பால் வெட்டுவான்?" என்று ராசு மாமா டிவியைப் பார்த்துக் கேட்டார். "மாட்டிக்கிட்டான் பாருங்க! பச்சப் பொய்யி!"

நான் கொப்பியில் பியசேனவின் பெயருக்குக் கீழே மூன்று கோடு போட்டேன். கொழும்பில் இதைப் பார்க்கிற ஒருவருக்கும் இந்தத் துப்பு பிடிபடாது, நமக்கு மட்டும்தான் பிடிபட்டது என்று ஒரே பெருமை.

ஒத்துக்கொள்ளாத ஒரே ஆள் என் அப்பா. அப்பா மாரிமுத்து, தோட்டத்திலேயே நல்ல பால் வெட்டு அவருடையது. பட்டை சீவினால் காகிதம் மாதிரி வரும், மரத்துக்குக் காயம் படாது. "எழுதுனவன் கொழும்புல ஒக்காந்து எழுதியிருக்கான். அவனுக்கு மரமே தெரியல. அதுக்குப் பியசேன என்ன செய்வான்?" என்றார். கத்தியைப் பற்றியும் அவருக்கு ஆட்சேபம் இருந்தது. "அது மரத்தச் சீவுற கத்தி. அதால ஒரு கோழியக்கூடக் கொல்ல முடியாது." இதைச் சோதித்துப் பார்த்தே தீருவது என்று ராசு மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை வாளியைக் கவிழ்த்து, மேலே பூசணிக்காயை வைத்து, அப்பாவின் கத்தியை இரவல் வாங்கிக் குத்தினார். கத்தி வழுக்கி அவருடைய பெருவிரலைக் கிழித்தது. பூசணிக்காய்க்கு ஒரு கீறல்கூட இல்லை. அன்று அதைக் கறியாக்கினோம். விசாரணை அதற்குமேல் நகரவில்லை.

பத்தாவது வாரம் சுனேத்ரா வந்தாள். வரக்காப்பொலைத் தையல் கடையில் என்னோடு தையல் பழகிய சிங்களத் தோழி. அவளுடைய சின்னம்மா வெரோனாவில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தார். இரண்டு இடம் இருக்கிறது, ஒன்றுக்கு அவள் போகிறாள், மற்றதற்கு நான் வரவேண்டும் என்று காகிதத்தோடு வந்து நின்றாள். எனக்குப் போக ஆசை. சும்மா ஆசை இல்லை, தூக்கம் வராத ஆசை. அப்பாவைத் தனியே விட்டுப் போகவும் பயம். அம்மா செத்த பிறகு அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சனிக்கிழமை நாடகம் முடிந்து, வழக்கம்போல் நானும் அப்பாவும் பியசேனவை வைத்து மல்லுக்கு நின்றபோது, பன்னிரண்டு வீட்டு ஆட்களுக்கும் முன்னால் அவர் வெடித்தார்.

"சரி புள்ள. அந்தப் பியசேன கொன்னான்னு வந்தா, நீ எங்க வேணும்னாலும் போ. அவன் கொல்லலேன்னா இங்கேயே இருக்கணும். அவ்வளவுதான்."

"சரிங்கப்பா" என்றேன். அவரும் திகைத்துப்போனார், நானும் திகைத்துப்போனேன். ஆனால் லயத்தில் எல்லோர் முன்னாலும் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது.

அதற்குப் பிறகு கடைசி வாரத்துக்கான ஏற்பாடு தேர்தல் ஏற்பாடு மாதிரி நடந்தது. வெள்ளிக்கிழமையே பெட்டரிக்குச் சார்ஜ் போட்டாயிற்று. சனிக்கிழமை மாலைவரை யாரும் பெட்டியைத் தொடக்கூடாது; செய்தி இல்லை, பாட்டு இல்லை. அன்டனாவைப் பலாமரத்தில் இன்னும் இரண்டு முழம் ஏற்றிக் கட்டினோம். குழந்தைகள் முன்வரிசை, பெண்கள் நடுவில், ஆம்பிளைகள் வாசலில். இருமல்காரர்கள் கடைசி. அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, தீர்ப்புக் கேட்க வந்தவர்போலக் கதவோரம் நின்றார்.

இன்ஸ்பெக்டர் எல்லோரையும் பங்களா விறாந்தையில் வரிசையாக உட்கார வைத்தார். ஒவ்வொருவர் பின்னாலும் நடந்தார். நின்றார். கையைத் தூக்கினார். அப்போது படம் நான்கு பக்கமும் சுருங்கத் தொடங்கியது. இன்ஸ்பெக்டர் சிட்டுக்குருவி அளவானார், பிறகு தீப்பெட்டி அளவானார், நீட்டிய விரலோடு மறைந்துபோனார். எல்லோரும் ராசு மாமாவைத் திரும்பிப் பார்த்தோம்.

"மத்தியானம் கொஞ்சந்தான் கிரிக்கெட் பார்த்தேங்க" என்றார் அவர். "ஆறே ஆறு ஓவரு."

அவரை அன்று பூசணிக்காய்க்குப் பதிலாக வாளிமேல் வைத்திருப்பார்கள். அப்பாதான் தடுத்தார். மறுநாள் காலை சட்டையைப் போட்டுக்கொண்டு, வரக்காப்பொலையில் விசாரித்து வருகிறேன் என்று பஸ் ஏறினார். மத்தியானம் திரும்பி வந்து, என்னைப் பார்க்காமல் முகம் கழுவிக்கொண்டே சொன்னார்.

"நீ சொன்னதுதான். பியசேனதான்."

லயம் என்னைத் தூக்கிக் கொண்டாடியது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கத்தி தீட்டுகிற கல்லை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். தோற்ற கோபம் என்று நினைத்தேன். திங்கட்கிழமைக்குப் பிறகு ராசு மாமாவும் என் கண்ணைப் பார்க்கவில்லை. அது கிரிக்கெட் பார்த்த குற்ற உணர்ச்சி என்று நினைத்தேன். துப்பு எழுத நான்கு கட்டம் போட்டவள், கண் முன்னால் இருந்ததை ஒரு கட்டத்திலும் எழுதவில்லை.

விமானத்துக்குப் போகும் வழியில், கொழும்பை நெருங்கும்போது ஒரு சோதனைச் சாவடியில் வேனை நிறுத்தினார்கள். ஒரு இளம் சிப்பாய் என் பையைத் திறந்து கொப்பியை எடுத்தான். தமிழ் எழுத்து. பெயர்கள், நேரங்கள். கடைசிப் பக்கத்தில் ஒரு பங்களாவின் வரைபடம், எங்கே நின்று குத்தியிருக்கலாம் என்பதற்குச் சிவப்பு மையில் பெருக்கல் குறிபோல் ஒரு புள்ளடி. அவன் முகம் மாறியது. "அது சனிக்கிழமை டெலி நாடகம் மல்லி" என்று அவனைத் தம்பி முறை சொல்லி, சிங்களத்தில் மூச்சுவிடாமல் பதின்மூன்று வாரக் கதையையும் சொன்னேன். அவன் துவக்கைத் தோளில் சரித்துக்கொண்டு கிட்டே குனிந்தான். "அக்கே, கடைசி வாரம் எனக்கு டியூட்டி. யார் செய்தது?" என்று கேட்டான். "பியசேன" என்றேன். "நான் அப்பவே சொன்னேன்!" என்று கொப்பியைத் திருப்பித் தந்து வேனை விட்டுவிட்டான். பக்கத்தில் இருந்த சுனேத்ரா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

இது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. வெரோனாவில் நீர்கொழும்புக்காரர் ஒருவர் கடை வைத்திருக்கிறார். மாசிக் கருவாடு, கொறுக்காய்ப் புளி, பழைய சிங்கள நாடகங்களின் டிவிடி எல்லாம் கிடைக்கும். அங்கே போனால் நான் "கேகாலை நங்கி", கேகாலைத் தங்கச்சி. நான் தமிழ் என்பதை அவர் கண்டுபிடிக்க இரண்டு வருடம் ஆனது. போன மாதம் அந்த நாடகம் அவர் கடைத் தட்டில் இருந்தது. கொண்டுவந்து, விடுமுறை நாளில் கதவைச் சாத்திக்கொண்டு பதின்மூன்றையும் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் கையைத் தூக்கினார். இந்த முறை படம் சுருங்கவில்லை. விரல் வக்கீலிடம் போய் நின்றது. பியசேன கொலைகாரன் இல்லை, அவன்தான் உண்மையான சாட்சி. இன்ஸ்பெக்டர் அவன் கையைப் பிடித்து நன்றி சொன்னார். நாலு மணிக்கு அவன் நிஜமாகவே பால் வெட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். எழுதியவருக்கு மரம் தெரியவில்லை. நான் உட்கார்ந்து அழுதேன், இடையிடையே சிரிப்பும் வந்தது. பிறகு அப்பாவுக்குப் போன் எடுத்தேன்.

"அப்பா, பியசேன கொல்லல. வக்கீல்தான்."



"இப்பத்தான் பாத்தியா?"

"அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியும்தானே?"

"பஸ்ஸ விட்டு எறங்குறதுக்கு முந்தியே கண்டக்டர் சொல்லிட்டான். திங்கக்கெழம காலையில பேர் கூப்புடுற பெரட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சு. நாந்தான் யாரும் ஒங்கிட்ட வாயத் தொறக்கக் கூடாதுன்னேன்."

"ஏம்ப்பா?"

"நீ தோத்துப்போயி இங்க ஒக்காந்திருந்தா, தெனமும் ஒம் மூஞ்சிய யாரு பாக்குறது?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தப் பியசேனவ நெனச்சாத்தான் புள்ள மனசு கேக்கல. ஒரு பால் வெட்டுற மனுசன, என் வாயாலயே கொலகாரன் ஆக்கிப்புட்டேன்."

நான் வம்புக்கு இழுத்தேன். "அப்ப நான் தோத்துட்டேன். பேச்சுப்படி நான் அங்கதான் இருக்கணும்."

"ஆமா, இருக்கணும்தான். வா" என்றார் அப்பா. கொஞ்சம் பொறுத்து, "வாறப்ப போறதுக்கும் சேத்தே டிக்கட் எடுத்துக்க" என்றார்.

நேற்று டிக்கட் எடுக்கப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் போகும் தேதியைக் கேட்டாள். நான் சிஞ்ஞோராவின் மகள் லீவில் வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்கிற மூன்று வாரத்தைக் கணக்கிட்டு, அது முடிந்து வெரோனாவுக்கு வரவேண்டிய தேதியைச் சொன்னேன். திரும்பும் தேதியைக் கேட்டாள். கொழும்புக்குப் புறப்படுகிற தேதியைச் சொன்னேன். போவதற்கு முன்னாலேயே எப்படித் திரும்ப முடியும் என்று அவள் சிரித்துக்கொண்டே திரையை என் பக்கம் திருப்பினாள். மேலே போவது, கீழே திரும்புவது என்று இரண்டு வரி இருந்தது. எனக்குப் பின்னால் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். இதில் எனக்கு எது போவது, எது திரும்புவது என்று நான் வெகுநேரம் அந்த இரண்டு வரியையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.