முட்டை வண்டியும் இரண்டு கட்டங்களும்

‘தானாகவே கண்டுபிடித்தாள்’, ‘உதவியோடு கண்டுபிடித்தாள்’ என்று என் மகளின் பள்ளித் தாளில் இரண்டே கட்டங்கள். சிறுவயதில் என் மாமாவின் முட்டை வண்டியில் நான் கண்டுபிடித்தது இதில் எதில் சேரும்? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கேட்கக் காரணம் உண்டு. நாங்கள் இப்போது குடியிருக்கும் ஃபேர்லேண்ட்ஸில், என் மகளின் பள்ளியில் கம்ப்யூட்டரைத் தொடாமலே கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறார்கள். வாரம் ஒரு சிக்கலை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். பிள்ளை அதை எப்படி அவிழ்த்தாள் என்று அந்த இரண்டு கட்டங்களில் ஒன்றில் பெற்றோர் டிக் போட்டு அனுப்ப வேண்டும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. நாமக்கல்லில் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கோழிப் பண்ணைகளில் முட்டை எடுத்துக் கடைகளுக்குப் போடுவார். கணக்குப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கிய மிதப்பில் அவர் வண்டி முன்னால் போய் நின்றேன்.

“அப்படின்னா இன்னிக்கு லோடு எப்படி ஏத்தறதுன்னு சாமியே சொல்லுங்க” என்றார். செல்லமாக என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்.

நான்கு கடைகள், ஒவ்வொன்றுக்கும் வேறு அளவு முட்டை. போகும் வரிசையை நோட்டில் எழுதி, முதல் கடையின் ட்ரேக்களை முதலில் ஏற்றச் சொன்னேன், பிறகு இரண்டாம் கடை, மூன்றாம் கடை. மறுபேச்சில்லாமல் ஏற்றினார்.

முதல் கடையில் பின்கதவைத் திறந்தால், அந்தக் கடையின் ட்ரேக்கள் எல்லாவற்றுக்கும் உள்ளே, கடைசியில் இருந்தன. மாமா மொத்தத்தையும் வெயிலில் இறக்கினார். ஒரு ட்ரே சரிந்தது.

“ஏனப்பா, பத்து வருசமா ஓட்டறே, இப்படியா அடுக்குவே?” என்றார் கடைக்காரர்.

“இன்னிக்கு மேனேஜர் எங்க சாமிங்க” என்று மாமா என்னைக் காட்டினார்.

மீதியைப் பழையபடியே ஏற்றப் போனவரை நிறுத்தினேன். நோட்டைக் கீழிருந்து மேலாகப் படித்தேன். கடைசிக் கடை முதலில். அதன்பின் எந்தக் கடையிலும் எதையும் இறக்கி ஏற்ற வேண்டியிருக்கவில்லை.

சரிந்த முட்டைகள் வீட்டில் எல்லோருக்கும் ஆம்லெட் ஆயின. “மாமாவுக்கு லோடு ஏத்தவே தெரியலம்மா. நான்தான் சொல்லிக் குடுத்தேன்” என்றேன். “ஆமாக்கா” என்று தலையாட்டிய மாமா, இடுப்பைப் பிடித்துவிட்டுக்கொண்டே இன்னொரு ஆம்லெட் கேட்டார். கடைக்காரர் சொன்ன பத்து வருசம் என் காதில் விழுந்ததே தவிர மண்டையில் ஏறவில்லை.

நேற்று என் மகள், இந்த வாரச் சிக்கலுக்காக, ஆறு உறவினர் வீடுகளுக்குப் பத்திரிகை வைக்கச் சுருக்கமான வழி வரைந்தாள். அதில் கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு இரண்டு தடவை போய் வந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் என் விரல் அந்த இடத்தில் போய் நின்றுவிட்டது. உடனே அழித்துத் திருத்தினாள். அவளுக்கு ஒரே சந்தோஷம், எனக்கும்தான்.

விரல் வைத்தது உதவிதானே? திங்கட்கிழமை தாளைக் கொடுக்க வேண்டும். பிள்ளை தப்பாக ஏற்றச் சொன்ன லோடை, என் மாமாவைப் போலத் தெரிந்தே சுமக்க உங்களால் எப்படி முடிகிறது? முடிந்தவர்கள் எனக்கு எழுதுங்களேன்.