பதினொரு பேரையும் திரும்பக் கூப்பிட்டவள்

என் நாத்தனாரிடம் வாதாடி ஜெயித்ததாக எங்கள் வீட்டில் சரித்திரமே இல்லை. அவளுடைய அண்ணனை, அதாவது என் வீட்டுக்காரரைக் கேட்டால் தழும்பைக் காட்டுவார்.

பதினெட்டு வருஷம் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்தவள். போன வருஷம் ஒரு புதுக் காந்தக் கருவியை அவளிடம் கொடுத்துச் சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள். என் தையல் மெஷின் அளவுதான் இருக்கும். அதன்மேல் குப்புறப் படுத்தால் மார்பில் கொழுப்பு எவ்வளவு, அடர்த்தியான சதை எவ்வளவு என்று பத்து நிமிஷத்தில் சொல்லிவிடும். நசுக்கல் இல்லை, கதிர் இல்லை. அடர்த்தி அதிகமென்றால் எக்ஸ்ரே படத்தில் கட்டி இருந்தாலும் மறைந்துவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு ஸ்கேனும் எடுக்க வேண்டும்.

என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அடர்த்தி குறைவு, எக்ஸ்ரேவே போதும், கவலையை விடு என்றாள். விட்டேன். மூன்று வாரம் நிம்மதியாகத் துணி வெட்டினேன்.

தினமும் காலையில் ஓர் எண்ணெய் பாட்டிலைக் கருவிமேல் வைத்து எண் சரியா என்று பார்ப்பது அவள் வழக்கம். அது குளிர்காலம். ரவிக்கையைக் கழற்றிவிட்டுப் பெண்கள் நடுங்குவதைப் பார்க்கச் சகிக்காமல் கருவி பதித்த கட்டிலுக்கடியில் ஒரு ஹீட்டரை வைத்திருக்கிறாள். பாட்டிலைப் பார்த்த பிறகுதான் ஹீட்டரைப் போடுவாள். ஒருநாள் சந்தேகம் வந்து சாயங்காலமும் பாட்டிலை வைத்தால், எண் எங்கேயோ நின்றது. காந்தம் சூடேறிக் கணக்குத் தப்பியிருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

ஹீட்டர் வந்த பிறகு படுத்தவர்கள் பதினொரு பேர். அத்தனை பேருக்கும் குறைவு என்றே வந்திருந்தது. நானும் அதில் ஒருத்தி.

பெரிய டாக்டரிடம் போய்த் தன் தப்பைச் சொன்னாள். சோதனைதானே, அந்தப் பதினொன்றையும் அழித்துவிடு, யாருக்கும் சொல்ல வேண்டாம், ஆஸ்பத்திரி பேர் கெட்டுவிடும் என்றார் அவர்.

“கம்ப்யூட்டர்லேர்ந்து அழிச்சிடலாம் டாக்டர். கவலைப்படாதீங்கன்னு அவங்ககிட்ட சொன்னது நான். அதை யாரு அழிக்கிறது?”

வேலை போகும் என்று எச்சரித்தாராம். போகட்டும் என்று வெளியே வந்து, வராந்தாவில் நின்றபடியே பதினொரு பேருக்கும் போன் போட்டாள். எனக்குத்தான் முதல் போன். எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, நாளைக்குப் பத்து மணிக்கு வா என்றாள்.

போனேன். ஹீட்டர் இல்லை. பல் கிட்டிப்போனது. குளிருதுடி என்றேன்.

“குளிரட்டும் அண்ணி. அசையாதீங்க.”

அடர்த்தி மிக அதிகம் என்று வந்தது. அவளே என் கையைப் பிடித்து ஸ்கேன் அறைக்குக் கூட்டிப்போனாள். ஸ்கேனுக்கான சீட்டில் கையெழுத்துப் போட மறுத்த பெரிய டாக்டரின் மேஜை முன்னால், அவர் போடும்வரை நின்றாள். அந்த ஒரு மணி நேரம் நான் செத்துப் பிழைத்தேன்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை. மற்றப் பத்துப் பேரையும் திரும்பச் சோதித்ததில் ஐந்து பேருக்கு அடர்த்தி அதிகம். அவர்களையும் ஸ்கேனுக்கு அனுப்பினாள். அவர்களுக்கும் ஒன்றுமில்லை. நான் ரிப்போர்ட் வாங்கப் போன அன்று பெரிய டாக்டர் அவளைக் கூப்பிட்டு என் எதிரிலேயே கேட்டார், ஒன்றுமில்லாததற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று.

“ஒண்ணுமில்லைன்னு இப்பதான் டாக்டர் தெரியும். அன்னைக்கு நாம சும்மா சொன்னோம்.”