பதுளை நிலையத்தில் விழுந்த பல்

பதுளையில் இணையம் பரவத் தொடங்கியிருந்த காலம். இலக்கிய மாணவியான நான், தடயவியலும் ஆட்கடத்தல் விசாரணையும் கற்பிக்கும் இணையவழிப் பல்கலைக்கழகப் பாடமொன்றில் சேர்ந்திருந்தேன். பற்களைக் கொண்டு வயதைக் கணிப்பது அந்த வாரப் பாடம்.

ஒரு காலை, ரயில் நிலையத்தில் சேலை சுற்றிய மெலிந்த பெண்ணொருத்தி என்னருகே அமர்ந்தாள். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகிறாளாம். அவளை அழைத்து வந்த தரகுக்காரி, நான் கேட்கும் முன்பே சொன்னாள்:

"இருபத்திரண்டு வயசுங்க. தோட்டத்துப் புள்ளைங்க நோஞ்சானாத்தான் இருக்கும்."

தரகுக்காரி பயணச்சீட்டு வாங்கப் போனதும், அந்தப் பெண் உள்ளங்கையை விரித்தாள். இரத்தம் தோய்ந்த பால்பல் ஒன்று கிடந்தது.

"இப்பத்தான் விழுந்துச்சுக்கா. சாணியில உருட்டிக் கூரையில போடணும். அந்த நாட்டுல சாணி கெடைக்குமா?"

நான் எழுந்துபோய் நிலைய அதிபரிடம் சொன்னேன். பொலிஸார் வந்து தரகுக்காரியைப் பிடித்தார்கள். சிறுமியை வேறொரு வாகனத்தில் ஏற்றினார்கள். அவள் அழுதுகொண்டே என்னைப் பார்த்தாள்.

"நான் என்னக்கா தப்பு பண்ணேன்? அம்மாகிட்ட என்ன சொல்லுவேன்?"

அவளை மீட்டுவிட்டதாக அங்கே எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவளிடம் மட்டும் அதை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.