பெட்டிக்கு இடம் இருக்கிற கார்

அச்சன்புதூரில் ஹைருன் பீவி கார் வாங்கப் போகிறாள் என்ற பேச்சு கிளம்பியதும், எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் ஒரே பதில்தான் சொன்னாள்.

"ஏர்போட்டுக்குப் போவ."

ஒரு நாள் ஏர்போர்ட்டுக்குப் போக யாராவது கார் வாங்குவார்களா என்று சிரித்தார்கள். சிரித்தவர்களுக்கு விவரம் தெரியாது. ஹைருனுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். நாற்பதாம் நாளே மாப்பிள்ளை முகம்மது மீரான் சவூதியில் தம்மாமுக்கு விமானம் ஏறினார். அதன்பிறகு ஒன்பது லீவு. ஒவ்வொரு லீவுக்கும் வாடகைக் கார் ஒன்று திருவனந்தபுரம் போய் அவரைக் கூட்டி வரும். அதில் கொழுந்தன் அஃப்சல் முன் சீட்டில் உட்கார்ந்திருப்பான். பின்னால் ஒரு மாமா, ஒரு மச்சான். ஒருமுறை யாரென்றே ஹைருனுக்குத் தெரியாத ஒருவர்கூடப் போய் வந்தார். அவள் மட்டும் போனதில்லை.

"திரும்பி வாறப்ப பெட்டிக்கு எடம் வேணும்லா மைனி" என்பான் அஃப்சல். அவளை ஒதுக்க வேண்டும் என்று யாரும் நினைத்துச் சொன்னதில்லை. சவூதியிலிருந்து வருகிற மனுஷனோடு கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகள் வரும். அவற்றுக்கு இடம் வேண்டும். ஆகையால் ஓர் ஆளைக் குறைக்க வேண்டும். குறைகிற ஆள் எப்போதும் ஹைருன். அவள் வீட்டில் பிரியாணிக்குத் தம் போட்டுவிட்டு வாசலில் நிற்பாள். கார் வந்து நிற்கும்போது தெருவே கூடிவிடும். மீரான் எல்லோருக்கும் சலாம் சொல்லிவிட்டு அவளிடம் வந்து சேர அரைமணி நேரமாகும். ஏர்போர்ட்டில் வெளியே வரும் கதவில் அவர் எப்படி வருவார், வண்டியைத் தள்ளிக்கொண்டு யாரைத் தேடிப் பார்ப்பார் என்பதை அவள் கற்பனையில்தான் பார்த்திருக்கிறாள்.

இந்த மே மாதம் மீரான் போனில் சொன்னார்: "விசா கேன்சல்ல வாறேன் ஹைரு. ஜூலை பதினெட்டு. இனி திரும்பிப் போறதில்ல."

இதுதான் கடைசி வருகை. இந்த முறை விட்டால் இனி ஏர்போர்ட் வாசலில் நிற்க அவளுக்குக் காரணமே இருக்காது. அன்றைக்கே முடிவெடுத்தாள். போவது மட்டுமில்லை, தானே ஓட்டிக்கொண்டு போவது.

லைசென்ஸ் ஏற்கெனவே கையில் இருந்தது. மகள் சஃப்ரின் தென்காசியில் காலேஜ் சேர்ந்த வருஷம், அவளைக் கொண்டுவிட ஸ்கூட்டி ஓட்டிப் பழகிய தைரியத்தில் ஹைருன் டிரைவிங் ஸ்கூலிலும் சேர்ந்தாள். டெஸ்ட் அன்று மூன்று இளவட்டங்கள் ரிவர்ஸில் கம்பைத் தட்டிவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள். பத்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட ஹைருன் முதல் தடவையிலேயே பாஸானாள். ஓட்டுவதற்குத்தான் வீட்டில் கார் இல்லை.

என்ன கார் என்பதில் ஆளாளுக்கு ஒரு பேச்சு. செங்கோட்டையில் மொபைல் கடை வைத்திருக்கும் அஃப்சல், "ஒசரமான வண்டியா எடுங்க மைனி. தெருவுக்குள்ள வந்தா ஒரு கெத்து வேண்டாமா?" என்றான்.

"ஒசரமான வண்டியில பின் சீட்டை மடக்குனாத்தான் பெட்டி போவும். மடக்குனா யாரை எறக்கி விடுவிய?"

அஃப்சல் அடுத்ததுக்குத் தாவினான்.

"அப்ப சின்ன வண்டி?"

"அதுல டிக்கின்னு ஒண்ணு இருக்கு, சஃப்ரினுக்க காலேஜ் பை மட்டுந்தான் போவும். எனக்கு டிக்கி வச்ச காரு வேணும். பெட்டி பெட்டிக்கான எடத்துல, மனுசங்க மனுசங்களுக்கான எடத்துல."

தென்காசி ஷோரூமில் புதுக்கார் பார்த்தார்கள். விற்பனைப் பையன் பெரிய திரையைக் காட்டினான், கூரையில் திறக்கும் கண்ணாடியைக் காட்டினான். ஹைருன் பின்பக்கம் போய் நின்றுகொண்டு, "இதைத் தொறங்க தம்பி" என்றாள். டிக்கி பிடித்திருந்தது. ஆனால் அந்த வண்டி கைக்கு வர ஆகஸ்ட் நடுவாகுமாம். கையில் சேர்த்து வைத்திருந்தது போக மிச்சத் தொகைக்கு லோனும் போட வேண்டுமாம்.

"வட்டிக்கு எடுத்த வண்டியில அவரை ஏத்த மாட்டேன்" என்று எழுந்துவிட்டாள். "அதுவும் அவரு வந்த பொறவு வாற வண்டி எனக்கு எதுக்கு?"

அன்று மாலை மீரானும் வீடியோ காலில் இதைப் பற்றிக் கேட்டார். அஃப்சல் விஷயத்தைச் சொல்லியிருந்தான் போல.

"என்ன அவசரம் ஹைரு? நான் வந்த பொறவு ரெண்டு பேருமா போய்ப் பாத்து வாங்குவோமே."

"நீங்க வந்த பொறவு எதுக்குங்க காரு? நீங்க வாறதுக்குத்தான் காரே."

மீரான், "எஞ்சின் ஆயில் பாத்து வாங்கு" என்றார். அது சம்மதம்தான்.

பழைய கார் விற்கும் வல்லிநாயகம் அண்ணாச்சியின் இடம் இலஞ்சி போகும் வழியில் இருந்தது. தகரக் கொட்டகைக்கடியில் எட்டு வண்டி. ஹைருன் பரணில் கிடந்த பழைய சவூதிப் பெட்டி ஒன்றை இறக்கி, ஸ்கூட்டியில் சஃப்ரின் மடியில் வைத்துக் கொண்டுபோனாள். முதலில் நின்ற வெள்ளைக் காரின் டிக்கிக்குள் பெட்டி அழகாகப் போய் உட்கார்ந்தது. பக்கத்தில் இன்னொன்றுக்கும் இடம் இருந்தது. "இதையே முடிச்சிருவோமா அண்ணாச்சி?" என்று அவள் வாயெடுக்கும்போது சஃப்ரின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

"உம்மா, இது வெறும் பெட்டி. வாப்பா கொண்டு வாறது வயிறு தள்ளிக்கிட்டுல்லா வரும்?"

ஹைருனுக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருஷமாய்ப் பெட்டி அவிழ்த்தவள் அவள். கம்பளி, பால்பவுடர், சோப்பு, தைலம், பாதாம், யார் யாருக்கோ சட்டைத்துணி என்று திணித்து, டேப் சுற்றி, கயிறு போட்டு இறுக்கினால் அட்டை நாலு பக்கமும் உப்பி, நிறைமாசக்காரி மாதிரிதான் வந்து இறங்கும். ஏர்போர்ட்டில் வெறும் பெட்டியோடு இறங்கிய ஆளை இந்த ஊர் கண்டதில்லை.

"ஞாயித்துக்கெழம வாறேன் அண்ணாச்சி" என்று திரும்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் இரண்டு பெட்டிகள் தயாராயின. பழைய போர்வை, தலையணை, சஃப்ரினின் பள்ளிக்கூடப் புத்தகங்கள் என்று எல்லாவற்றையும் திணித்து, ஏறி உட்கார்ந்து அமுக்கி, டேப் ஒட்டி, மீரான் கட்டுகிற அதே மாதிரி குறுக்கும் நெடுக்கும் நைலான் கயிறு போட்டுக் கட்டினார்கள். பெட்டியின்மேல் மீரானின் கையெழுத்தில் பெயரும் ஊரும், திருநெல்வேலி மாவட்டம் என்றும் இருந்தது. தென்காசி தனி மாவட்டமாகும் முன்பு வந்த பெட்டி.

ஆட்டோவில் பெட்டிகளை ஏற்றும்போது தெரு எட்டிப் பார்த்தது. ஆட்டோக்காரர் மாரி கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எக்கா, சொல்லவே இல்ல? எப்ப பிளைட்டு? சவூதியா, துபாயா?"

"இலஞ்சிக்குப் போப்பா."

வெள்ளைக் காரில் ஒரு பெட்டி போனது. இரண்டாவது போகவில்லை. சஃப்ரின் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். அதற்குள் அஃப்சல் பைக்கில் வந்து இறங்கினான். "மைனி, அங்கன பாருங்க, அந்த நீலக் காரு. நேத்தே அண்ணாச்சிட்ட பேச்சுக் குடுத்துட்டேன். மைலேஜ் அள்ளும். கேஸ்ல ஓடுது."

நீலக் காரின் டிக்கியைத் திறந்தார்கள். பாதி இடத்தில் பருத்த சிலிண்டர் ஒன்று படுத்திருந்தது.

"பெட்டியை எங்க தூக்கி வைக்க?" என்று ஹைருன் கேட்டாள். "ஒன் மடியிலயா?"

"வாடகைக்கு ஒரு வேன் புடிச்சுப் பெட்டியை அதுல போட்டா..."

"இந்த ஊருல வேன் புடிச்சா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும் அஃப்சலு. பதினாலு பேரு ஏறுவிய. கடேசில எடம் இல்லன்னு ஒரு ஆளை எறக்குவிய."

அஃப்சல் பெட்டியைத் தூக்கினான். மூன்றாவது, நாலாவது என்று பார்த்து, கடைசி வரிசையில் நின்ற சாம்பல் நிறக் காருக்கு வந்தார்கள். பண்பொழியில் ஓய்வு பெற்ற பாங்க் மேனேஜர் ஒருவர் வைத்திருந்தது. ஏழு வருஷப் பழசு, பெட்ரோல் வண்டி. ஒரு பெட்டியைப் படுக்க வைத்து, இன்னொன்றை ஒருக்களித்துச் செருகினாள் ஹைருன். கயிற்று முடிச்சு இடித்தது. பெட்டியைத் திருப்பிப் போட்டாள். மூடியை இறக்கி அழுத்தினாள். பூட்டு விழுந்தது.

வல்லிநாயகம் அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "முப்பது வருசமா வண்டி விக்கேன். எஞ்சின் பாப்பாவ, டயர் பாப்பாவ. பெட்டி கட்டிக் கொண்டாந்து பாத்தது நீங்க ஒரு ஆளுதான்."

"எஞ்சினும் பாப்போம் அண்ணாச்சி."

பார்த்தாள். வெள்ளத்தில் முங்கிய வண்டிகளைக் கழுவித் துடைத்து விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். பெட்டிகளை வெளியே எடுத்து, டிக்கி விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி டயருக்குக் கீழே விரலை விட்டுத் தடவினாள்; சேறு இல்லை. சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் உருவிப் பார்த்தாள். தண்ணீர்க் கறை இல்லை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து மூச்சை இழுத்தாள். பழைய சாம்பிராணி வாசம். ஆயில் கம்பியை உருவி மறக்காமல் பார்த்தாள்.

"ஓட்டிப் பாக்கணும். ஐந்தருவி வரைக்கும்."

"இன்னைக்கா? ஞாயித்துக்கெழம. சீசன் கூட்டம் கொள்ளாதே. நேரா ரோட்டுல ரெண்டு கிலோமீட்டர் போயிட்டு வாங்களேன்."

"நேர் ரோட்டுல எந்த வண்டியும் ஓடும்லா? நான் மலையேறிப் போவணும் அண்ணாச்சி."

பெட்டிகளைத் திரும்ப ஏற்றச் சொன்னாள். பாரத்தோடுதான் ஓட்டுவாளாம். அண்ணாச்சி முன் சீட்டில், சஃப்ரினும் அஃப்சலும் பின்னால். குற்றாலத்தைத் தாண்டும்போதே சாரல் கண்ணாடியில் பொடிப்பொடியாக விழுந்தது. ஐந்தருவி ஏற்றத்தில் வரிசை நின்றுவிட்டது. முன்னால் ஒரு டூரிஸ்ட் வேன். பின்னால் தலையில் எண்ணெய் வழியும் ஆட்கள் தொங்கிக்கொண்டு வந்த இன்னொரு வேன். முன்வேன் நகர்ந்தது. ஹைருன் கிளச்சை விட்டாள். கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. கொஞ்சம் பின்னால் உருண்டது. பின்வேனின் ஹாரன் காதைப் பிளந்தது.

"மைனி!" என்றான் அஃப்சல்.

"தள்ளுங்கம்மா, நான் எடுக்கேன்" என்று அண்ணாச்சி கதவில் கை வைத்தார்.

"நீங்க உக்காருங்க."

ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள். ஸ்டார்ட் பண்ணினாள். ஹாரன் அடிப்பவன் அடிக்கட்டும். ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதித்து, கிளச்சைத் தலைமுடி கனத்துக்கு விட்டாள். வண்டியின் மூக்கு லேசாக நிமிர்ந்தது. அப்போது ஹேண்ட்பிரேக்கை விட்டாள். சாம்பல் நிறக் கார் இரண்டு பெட்டி, நாலு ஆள் பாரத்தோடு ஏற்றத்தில் ஊர்ந்து ஏறியது. அதன்பிறகு ஆறுதடவை நின்றது வரிசை. ஆறுதடவையும் ஏறியது.

இறங்கும்போது ஹைருன் சொன்னாள்: "கிளச் பிளேட்டு தேஞ்சிருக்கு அண்ணாச்சி. மேல எழும்பித்தான் பிடிக்கி. மாத்திக் குடுத்தீங்கன்னா இன்னைக்கே முடிச்சிருவோம்."

அண்ணாச்சி பின்னால் திரும்பி அஃப்சலைப் பார்த்தார். "தம்பி, ஒங்க மைனிட்ட நான் வண்டி விக்க முடியாது. அவங்களா வாங்கினாத்தான் உண்டு."

ஜூன் முடியும் முன்பே பெயர் மாற்றியாகிவிட்டது. தினமும் விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடிந்ததும் புளியறை வரை ஓட்டிப் பழகினாள். கேரளத்துக்குச் சரக்கு ஏற்றிப்போகும் லாரிகளுக்கு இடையே நுழைந்து, செக்போஸ்டில் திரும்பி, அங்கே ஒரு கடையில் சாயா குடித்துவிட்டு வருவாள்.

ஜூலை பதினெட்டு. விடிந்தும் விடியாமலும் கிளம்பினார்கள். "மலைப்பாதை, பொம்பளை தனியாப் போவக் கூடாது" என்று அஃப்சலும் ஏறிக்கொண்டான். முன் சீட்டுக் கதவைத் திறந்தவனை ஹைருன் பார்த்தாள். அவன் பின்னால் போய் உட்கார்ந்தான். சஃப்ரினுக்கு அன்று பரீட்சை. அவள் வாசலில் நின்று கை காட்டினாள். ஆரியங்காவு, தென்மலை என்று மலை இறங்கி, ஒன்பது மணிக்கு ஏர்போர்ட்டில் நிறுத்தினாள் ஹைருன். ஓரிடத்திலும் வண்டி நிற்கவில்லை. நின்றது அவள்தான், கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒன்றரை மணிநேரம்.

மீரான் வெளியே வந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு அவர் தேடியது தம்பியின் முகத்தை. பழக்கம். கண் ஹைருனைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி வந்தது.

"ஹைரு?"

அவள் தலையை ஆட்டினாள். அவர் கம்பிக்கு இந்தப் பக்கம் வரும்வரை, கூட்டத்தில் யாரும் குறுக்கே வராமல், முழுசாகப் பார்த்தாள்.

"டிரைவர் எங்க நிக்காரு?" என்று மீரான் கேட்டார். ஹைருன் சாவியைத் தூக்கிக் காட்டினாள்.

இரண்டு பெட்டியும் டிக்கிக்குள் போயின. ஒன்று படுத்தவாக்கில், ஒன்று ஒருக்களித்து, முடிச்சு உள்பக்கம். பூட்டு விழுந்தது. அதற்குப் பிறகுதான் மீரான், தள்ளுவண்டியில் நின்ற பெரிய தட்டையான அட்டைப்பெட்டியைக் காட்டினார். "ரூம்ல ஒண்ணா இருந்த யஹ்யா குடுத்துவிட்ட டிவி. கடையநல்லூர்ல அவன் வீட்டுல குடுக்கணும். படுக்கப் போடக் கூடாதாம்."

மூன்று பேரும் காரைப் பார்த்தார்கள். டிவியைப் பின் சீட்டில்தான் நிறுத்த முடியும். நிறுத்தினால் பின் சீட்டில் வேறு எதுவும் நுழையாது.

ஹைருன் காரில் ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஸ்டியரிங்கில் கை வைத்து, முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"சரி மைனி" என்றான் அஃப்சல் கடைசியில். "தம்பானூர் ஸ்டாண்டுல தென்காசி பஸ் நிக்கும். நான் அதுல வாறேன்." நாலடி போனவன் திரும்பி வந்து, முன் சீட்டில் ஏறியிருந்த அண்ணனிடம் குனிந்து, "போன தடவ வரைக்கும் முன் சீட்டுல நான்தான் இருந்தேன்" என்றான்.

"பெட்டிக்கு எடம் வேணும்லா" என்றாள் ஹைருன்.

தென்மலைக்குமேல் வளைவுகளில் ஒரு லாரி முன்னால் முனகிக்கொண்டு ஏறியது. மழை பிடித்திருந்தது. ஒவ்வொரு வளைவிலும் மீரானின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது.

"அங்கன பிரேக்கு இல்லங்க" என்றாள் ஹைருன். "இங்கன என்கிட்டதான் இருக்கு."

மீரான் காலை இழுத்துக்கொண்டார். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்து, அவர்களையும் லாரியையும் ஒரே வீச்சில் முந்திப் போனது. ஜன்னலில் அஃப்சல் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு போனான்.

"நம்மளும் முந்துவமா?" என்று மீரான் கேட்டார்.

"எதிர்ல வாறது தெரியணும்லா. தெரிஞ்சா முந்துவேன்." அவள் கியரைக் குறைத்து, கிளச்சைப் பக்குவமாக விட்டாள். "பிரியாணி இன்னும் தம் போடல. நான் போய்த்தான் போடணும். எங்கயும் ஓடிராது."