அப்பாவின் மாத்திரையில் இரண்டு முகடுகள்

ஜெயக்கொடிக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. எழுமலையிலிருந்து மதுரைக்குப் படிக்க வந்தவள், 1986-ஆம் ஆண்டில் வேதியியல் ஆய்வு மாணவி. ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது, அப்பா சிவனாண்டி ரத்தக்கொதிப்புக்குப் போடும் அதே மருந்து. அதில் இரண்டு வடிவங்கள் சரிபாதியாகக் கலந்திருந்தன. இடக்கையும் வலக்கையும் போல, ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பம். கொதிப்பைத் தணிப்பது இடக்கை வடிவம்தான். அது தெரிந்ததிலிருந்து, ஊருக்குப் போகும்போது அப்பா மாத்திரை போட்டாலே சொல்லிவிடுவாள்.

"பாதி மருந்து சும்மா உள்ள போகுதுப்பா."

"போனாப் போகுது ஆத்தா. தலைசுத்து நின்னுருச்சுல்ல?"

அவளால் அப்படி விட முடியவில்லை. ஆய்வகத்துக் கருவி, மருந்துக் கரைசலை அழுத்தத்தோடு ஒரு குழாய்க்குள் செலுத்திப் பொருள்களைப் பிரிக்கும். ஆனால் பிம்பங்களான இந்த இரண்டுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியவில்லை; ஒன்றாகவே வெளியே வந்தன. ஒவ்வொரு பொருள் வெளியே வரும்போதும் பேனா வரைதாளில் ஏறி இறங்கி ஒரு முகடு வரையும்; இப்போது விழுந்தது ஒற்றை முகடு. இவற்றைப் பிரிக்கும் தனிக் குழாய் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். அது வருகிற வழியாக இல்லை. ஜெயக்கொடி வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள்.

"நடந்தா குழாய் வந்துடுமா? உக்காரும்மா," என்றார் வழிகாட்டிப் பேராசிரியர் சுப்பராமன்.

"இருக்கிற குழாய்லயே பாக்கலாம் சார். ரெண்டு வடிவத்தோடயும் வலக்கை மாதிரி ஒரு பொருளச் சேத்துக் கட்டிட்டா? வலக்கையோட வலக்கை குலுக்குறது வேற, இடக்கை குலுக்குறது வேற. அப்புறம் அது ரெண்டும் பிம்பமா இருக்காதுல்ல, இந்தக் குழாயே பிரிச்சிருமே?"

அவர் யோசித்துவிட்டு, "செஞ்சு பாரு," என்றார்.

முதலில் சேர்மானப் பொருள் ஈரம் பட்டுக் கெட்டது. பிறகு மின்சாரம் ஏறி இறங்கிக் கோடு நடுங்கியது. ஒரு தடவை, இரண்டும் பிரியத் தொடங்கியதுபோல முகட்டின் ஓரம் லேசாக வீங்கியது. அன்று அவள் சாப்பிடவேயில்லை. மருந்தைக் குழாய்க்குள் தள்ளும் திரவத்தில் மெத்தனாலைக் குறைத்து, தண்ணீரைக் கூட்டி ஓட்டினாள். ஒரு முற்பகலில் பேனா ஏறியது, அடிக்கோடு வரை இறங்கியது, மறுபடியும் ஏறியது. தனித்தனியாக இரண்டு முகடுகள். வரைதாளைக் கிழித்தெடுத்துக்கொண்டு சுப்பராமனிடம் ஓடினாள்.

அதற்குமேலும் சும்மா இருக்கவில்லை. சுப்பராமனிடம் கேட்டு, அப்பாவை வரவழைத்து, டாக்டரை வைத்து ரத்தம் எடுத்தாள். அதில் முகடுகள் சமமாக இல்லை. இடக்கை வடிவம் உயரமாக நின்றது.

"அப்பா! வேலை செய்யிறதுதான் ஒங்க ரத்தத்துல கூட நிக்குது. மத்தத உடம்பு வெரசாக் கழிச்சிருது."

"அப்ப மாத்திரைய மாத்தணுமா?"

"இல்லப்பா. நான் பிரிச்சது ஊசிமுனை அளவு, மாத்திரை செய்யக் காணாது. பழைய மாத்திரையவே போடுங்க."

சிவனாண்டி சிரித்துவிட்டு, பஸ்ஸுக்குக் கிளம்பப் பையை எடுத்தார். அவள் வாசல்வரை பின்னாலேயே போனாள்.

"நம்ம ஊர்ல வேற யாருப்பா இந்த மாத்திரை போடுறா?"

"கருத்தக்கண்ணன் போடுறான். ஏன்?"

"அடுத்த தடவ அவரையும் கூட்டிட்டு வாங்கப்பா."